ஜிபேக்குள் பணம் இல்லை: யூபிஐ எப்படி வேலை செய்கிறது?

“ஜிபேல காசு இல்ல, போன்பேல இருக்கு, அதுல அனுப்புறேன்” என்று சொல்கிறவர்கள் உண்டு. போன் தொலைந்தவுடன் “அதுல இருந்த பணமெல்லாம் போச்சே” என்று பதறுகிறவர்களும் உண்டு. கடையில் போன்பே ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, “என்கிட்ட ஜிபேதான் இருக்கு, வருமா?” என்று இன்றும் கேட்கிறார்கள். நம் கணக்கில் பணம் கழிந்து, கடைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் திட்டு முழுக்கச் செயலிக்குத்தான் விழுகிறது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான். பணம் செயலிக்குள் இருக்கிறது, செயலிதான் அதை அனுப்புகிறது என்பது. இரண்டும் தப்பு. ஜிபேயோ போன்பேயோ பீமோ, நீங்கள் ஒருவருக்கு அனுப்பும் பணத்தைத் தொடுவதே இல்லை. உங்கள் உத்தரவை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. பணம் கிடப்பது வங்கியில். கழிப்பது ஒரு வங்கி, சேர்ப்பது இன்னொரு வங்கி. இதைப் பிடித்துக்கொண்டால், பணம் ஏன் நடுவில் சிக்குகிறது, பின் நம்பரை எப்போது போட வேண்டும், மோசடிக்காரர் எந்த இடத்தில் கை வைக்கிறார் எல்லாம் விளங்கிவிடும்.

## மண்டிச் சீட்டு

ஒட்டன்சத்திரம் போன்ற ஒரு காய்கறிச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே ஒரு மண்டி, மேற்கே ஒரு மண்டி. சரக்கு விற்ற காசை விவசாயிகள் மண்டியிலேயே வரவு வைத்துவிட்டு, தேவைப்படும்போது வாங்கிக்கொள்கிறார்கள். உங்களுக்குக் கிழக்கு மண்டியில் 5,000 ரூபாய் வரவு இருக்கிறது. உரம் கொடுத்தவருக்கு நீங்கள் 800 ரூபாய் தர வேண்டும். அவருடைய கணக்கு மேற்கு மண்டியில்.

நீங்களே போய்ப் பணத்தை எடுத்து, எண்ணி, நடந்து போய்க் கொடுக்கலாம். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரு சீட்டில் “என் கணக்கில் 800 கழித்து இன்னாருக்குச் சேர்க்கவும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு பையனிடம் கொடுத்து அனுப்புகிறீர்கள். கிழக்கு மண்டிக் கணக்குப்பிள்ளை கையெழுத்தைப் பார்க்கிறார், இருப்பைப் பார்க்கிறார், 800 பற்று எழுதுகிறார். மேற்கு மண்டிக்குத் தகவல் போகிறது. அங்கே உரக்காரர் பெயரில் 800 வரவு ஏறுகிறது. ஒரு நோட்டுகூட இடம் மாறவில்லை. இரண்டு பேரேடுகளில் இரண்டு வரிகள், அவ்வளவுதான்.

நாள் முழுக்க இப்படி இரண்டு பக்கமும் சீட்டுகள் போய்வருகின்றன. சாயங்காலம் இரு மண்டிக்காரர்களும் கூட்டிக் கழித்துப் பார்த்து, வித்தியாசத்தை மட்டும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். மண்டிகள் நாற்பது ஐம்பது என்று பெருகிவிட்டால் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு சந்தை அலுவலகம். எல்லாச் சீட்டும் அதன் வழியாகத்தான் போகும்.

மண்டி என்பது வங்கி. சீட்டை எடுத்துப் போகும் பையன், செயலி. கையெழுத்து, பின் நம்பர். சந்தை அலுவலகம், என்பிசிஐ. பையன் ஊரைவிட்டுப் போனால் உங்கள் வரவு குறையாது. ஒரே கணக்குக்கு இரண்டு பையன்களையும் வைத்துக்கொள்ளலாம். ஒரே வங்கிக் கணக்கை ஜிபே, போன்பே இரண்டிலும் சேர்த்தவருக்கு இரண்டிலும் ஒரே பேலன்ஸ் தெரிவது இதனால்தான். “ஜிபேல இல்ல, போன்பேல இருக்கு” என்கிறவர், இரண்டு செயலிகளிலும் வெவ்வேறு வங்கிக் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

## நடுவில் இருக்கும் அலுவலகம்

என்பிசிஐ என்பது இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008-ல் உருவாக்கிய, லாப நோக்கமற்ற நிறுவனம். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் ஐஎம்பிஎஸ் வசதியை 2010-ல் கொண்டுவந்தது. ஆனால் அதில் கணக்கு எண், வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி என்று நீளமாக அடிக்க வேண்டும். ஒரு எண் தப்பினாலும் சிக்கல். டீக்கடையில் யார் அதைச் செய்வார்கள்?

அந்த அடித்தளத்தின் மேல் கட்டியதுதான் யூபிஐ. எந்த வங்கியின் கணக்கையும் எந்தச் செயலியிலிருந்தும் இயக்குவதற்கான பொது விதிமுறையும், அதை நடத்தும் கணினி அமைப்பும் சேர்ந்தது அது. 2016 ஏப்ரல் 11 அன்று, அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தது, டிசம்பர் 30 அன்று பீம் செயலி வந்தது. மீதி நமக்குத் தெரிந்த கதை. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது.

ஆக, ஜிபே என்பது யூபிஐ அல்ல. யூபிஐயைப் பயன்படுத்தும் பல செயலிகளில் அதுவும் ஒன்று. நம் ஊரில் எந்தச் செயலியில் அனுப்பினாலும் “ஜிபே பண்ணிடுங்க” என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பேச்சுக்கு அது போதும். பணம் சிக்கும்போது மட்டும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்போம்.

## ஐடியின் வால்

யூபிஐ ஐடி என்பது உங்கள் வங்கிக் கணக்குக்கு வைத்த மாற்றுப் பெயர். கணக்கு எண்ணை ஊருக்கெல்லாம் சொல்லாமல் இதைச் சொன்னால் போதும். அதில் @ குறிக்கு முன்னால் உங்கள் பெயரோ போன் நம்பரோ இருக்கும். பின்னால் ஒரு வால் இருக்கும்: ஓகேஆக்ஸிஸ், ஓகேஎஸ்பிஐ, ஒய்பிஎல் இப்படி.

இந்த வாலைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். “எனக்கு இந்தியன் வங்கியில்தானே கணக்கு, ஐடியில் ஏன் ஆக்ஸிஸ் என்று வருகிறது?” நியாயமான கேள்வி. செயலி நடத்தும் தனியார் நிறுவனம் நேரடியாக யூபிஐக்குள் நுழைய முடியாது. ஏதாவது ஒரு வங்கியின் தோளில் ஏறித்தான் வர வேண்டும். வால் காட்டுவது அந்தத் துணை வங்கியை. உங்கள் கணக்கு இருக்கும் வங்கியை அல்ல. அந்தத் துணை வங்கியிடம்தான் “இந்த ஐடிக்குப் பின்னால் இருப்பது இன்ன வங்கியில் இன்ன கணக்கு” என்ற பதிவு இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஒரு யூபிஐ பரிமாற்றத்தில் உங்கள் வங்கி, வாங்குபவரின் வங்கி, இரு பக்கச் செயலிகள், அவற்றின் துணை வங்கிகள், நடுவில் என்பிசிஐ என்று பல தரப்புகள் இருக்கின்றன. பணம் இருப்பது முதல் இரண்டிடம் மட்டும்.

## 20 ரூபாய் போகும் பாதை

டீக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்து, 20 என்று அடித்து, பின் நம்பரைப் போடுகிறீர்கள். டிக் குறி வர ஆகும் சில வினாடிகளில் நடப்பது இது.

செயலி உங்கள் உத்தரவைத் துணை வங்கி வழியாக என்பிசிஐக்கு அனுப்புகிறது. என்பிசிஐக்கு டீக்கடைக்காரரின் ஐடி தெரியும், கணக்கு தெரியாது. அதனால் அவர் பக்கத் துணை வங்கியை “இந்த ஐடி யாருடையது, கணக்கு எங்கே?” என்று கேட்கிறது. பதில் வந்ததும் உங்கள் வங்கியிடம் திரும்பி, “இவர் கணக்கில் 20 கழியுங்கள்” என்கிறது. உங்கள் வங்கி பின் நம்பரைச் சரிபார்க்கிறது, இருப்பைப் பார்க்கிறது, கழித்துவிட்டு “ஆச்சு” என்கிறது. அந்தப் பதில் வந்த பிறகுதான் என்பிசிஐ கடைக்காரர் பக்க வங்கியிடம் “20 சேருங்கள்” என்று சொல்லும். அங்கிருந்தும் “ஆச்சு” வந்ததும் இரு பக்கச் செயலிகளுக்கும் செய்தி போகிறது. உங்கள் திரையில் டிக் வருகிறது, கடையில் பெட்டி பேசுகிறது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கழிப்பு, பிறகுதான் சேர்ப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. பணம் “சிக்குவது” அங்கேதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு வங்கிகளுக்கு இடையில் உண்மையான பணம் எப்போது கைமாறுகிறது? அந்த நொடியில் இல்லை. யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்று என்பிசிஐ கணக்குக் கூட்டி, ஒரு நாளைக்குப் பல சுற்றுகளாக, ரிசர்வ் வங்கியில் அந்த வங்கிகளுக்கு இருக்கும் கணக்குகள் மூலம் வித்தியாசத்தை மட்டும் தீர்க்கிறது. சாயங்கால மண்டிக் கணக்கு இதுதான். வாடிக்கையாளர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு சிறு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். கடைகளுக்கென்று தரப்படும் சில வணிக க்யூஆர்களில், அன்றைய வசூல் முதலில் அந்தச் சேவை தரும் நிறுவனத்திடம் சேர்ந்து, பிறகு மொத்தமாகக் கடைக்காரரின் கணக்குக்குப் போகும். “பெட்டி சொல்லிடுச்சு, ஆனா பேங்க்ல நாளைக்குத்தான் ஏறும்” என்று கடைக்காரர் சொல்வது அதைத்தான். அது கடைக்காரருக்கும் அந்த நிறுவனத்துக்கும் உள்ள ஏற்பாடு, உங்களைப் பாதிக்காது.

## பின் நம்பர் யாருக்குத் தெரியும்?

செயலியைத் திறக்கப் போடும் பூட்டு வேறு, யூபிஐ பின் நம்பர் வேறு. முதலாவது உங்கள் போனில் யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க. இரண்டாவது உங்கள் வங்கிக்கான கையெழுத்து. நான்கு அல்லது ஆறு இலக்கம். அதைக் கேட்கும் திரையைக் கவனித்தால், செயலியின் வழக்கமான தோற்றத்திலிருந்து அது கொஞ்சம் மாறியிருக்கும். காரணம், அந்தத் திரை என்பிசிஐ கொடுத்த தனி மென்பொருள் துண்டு. நீங்கள் அடித்த எண்ணை அங்கேயே மறையாக்கம் செய்துவிடும், அதாவது வழியில் யார் பார்த்தாலும் படிக்க முடியாதபடி உருமாற்றிவிடும். செயலி நடத்தும் நிறுவனத்தாலும் அதைப் படிக்க முடியாது. சரிபார்ப்பது உங்கள் வங்கி மட்டுமே. 2025 அக்டோபரில் சிறு தொகைகளுக்குப் பின் நம்பருக்குப் பதிலாகக் கைரேகை, முகம் மூலம் ஒப்புதல் தரும் வழியும் அறிமுகமானது. அதுவும் கையெழுத்தின் இன்னொரு வடிவம்தான்.

பின் நம்பர் மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது. புதிதாக யூபிஐ பதிவு செய்யும்போது செயலி உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ்ஸைத் தானாகவே அனுப்பும். இந்த சிம், இந்த போன் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. சிம் வேறு போனில் இருந்தால் பதிவு நடக்காது. அந்த நம்பர் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அந்தக் கணக்கு மட்டும் திரையில் வரும். அப்புறம் டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் ஓடிபியும் கொடுத்து, அல்லது ஆதார் வழியாக, பின் நம்பரை அமைக்க வேண்டும். ஆக, உங்கள் போன் ஒரு சாவி, பின் நம்பர் இன்னொரு சாவி. இரண்டும் வேண்டும்.

இப்போது மோசடிக்கு வருவோம். பழைய கட்டிலை விற்க விளம்பரம் போடுகிறீர்கள். ஒருவர் கூப்பிட்டு, பேரமே பேசாமல் சம்மதித்து, “அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்” என்கிறார். மண்டிக்குத் திரும்பிப் போங்கள். உரக்காரர் கணக்கில் வரவு வைக்க யாராவது உரக்காரரிடம் கையெழுத்துக் கேட்டார்களா? கேட்கவில்லை. கையெழுத்து வேண்டியது கழிக்கிற பக்கத்தில் மட்டும். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். யூபிஐயின் அமைப்பிலேயே பெறுபவரிடம் பின் நம்பர் கேட்கும் கட்டம் கிடையாது.

பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை வைத்தும் இதே வேலையை நிறையச் செய்தார்கள். “பணம் வரப் போகிறது” என்று நம்பிக் கோரிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தவர்களுக்குப் பணம் போனது. அதனால் தனிநபர்களுக்கு இடையிலான அந்தக் கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. என்னைக் கேட்டால், சில ஆண்டுகள் முன்பே செய்திருக்க வேண்டியது.

## க்யூஆரும் பேசும் பெட்டியும்

க்யூஆர் கோடு 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது. அதற்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை. எழுத்தைப் படமாகச் சேமிக்கும் வழி, அவ்வளவுதான். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆரில் என்ன இருக்கிறது? இது யூபிஐக்கானது என்ற குறிப்பு, கடைக்காரரின் ஐடி, அவர் பெயர். சூப்பர் மார்க்கெட் பில் மெஷினில் வரும் க்யூஆரில் தொகையும் சேர்ந்திருக்கும், அதனால்தான் அங்கே நாம் தொகை அடிக்க வேண்டியிருப்பதில்லை.

ஐடியின் விதிமுறை எல்லோருக்கும் பொது என்பதால், போன்பே ஸ்டிக்கரை ஜிபே படிக்கும், ஜிபே ஸ்டிக்கரைப் பீம் படிக்கும். ஸ்டிக்கரின் நிறம் வெறும் விளம்பரம். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையிலும் இந்தியப் பயணிகள் அங்குள்ள கடை க்யூஆரை ஸ்கேன் செய்து யூபிஐயில் கட்ட முடிகிறது.

க்யூஆர் வெறும் எழுத்து என்பதால் அதற்குப் பாதுகாப்பும் கிடையாது. கடை மூடிய பிறகு யாராவது தன் க்யூஆரை மேலே ஒட்டிவிட்டுப் போனால், மறுநாள் வசூல் அவருக்குப் போகும். ஸ்கேன் செய்ததும் வரும் பெயரை ஒரு தடவை படிப்பது இதற்காகத்தான். வேறு பெயர் வந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள். பல சமயம் அது அவர் மனைவியின் கணக்காக இருக்கும், சில சமயம் இருக்காது.

“இத்தனை ரூபாய் பெறப்பட்டது” என்று பேசும் அந்தப் பெட்டியை நான் பெரிய கண்டுபிடிப்பாகவே மதிக்கிறேன். முன்பெல்லாம் வாடிக்கையாளர் போனைத் திருப்பிக் காட்டுவார், டிக் குறி தெரியும், கடைக்காரர் தலையாட்டுவார். அதே டிக்கைக் காட்டும் போலிச் செயலிகள் வந்துவிட்டன. கூட்ட நேரத்தில் பரோட்டாக் கல்லின் முன் நிற்பவர் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பெட்டிக்குள் தனி சிம் இருக்கிறது. சேவை தரும் நிறுவனத்தின் கணினிக்கு உறுதிச் செய்தி வந்த பிறகு அங்கிருந்து வரும் தகவலைத்தான் அது வாசிக்கிறது. வாடிக்கையாளரின் போனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதனால்தான் அதை நம்பலாம்.

## பணம் எங்கே சிக்குகிறது?

பின் நம்பர் தப்பு, இருப்பு போதாது என்றால் பிரச்சினையே இல்லை. உங்கள் வங்கி மறுத்துவிடும், எதுவும் கழியாது.

சிக்கல் வருவது கழித்த பிறகு. உங்கள் வங்கி 20 கழித்து “ஆச்சு” என்றது. என்பிசிஐ கடைக்காரர் பக்க வங்கியிடம் “சேருங்கள்” என்றது. அங்கிருந்து பதில் வரவில்லை. அந்த வங்கியின் கணினி திணறியிருக்கலாம், இணைப்பு அறுந்திருக்கலாம். இப்போது என்பிசிஐ என்ன செய்ய வேண்டும்? “உடனே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே” என்று தோன்றும். ஆனால் பதில் வராதது, சேர்க்காததற்கு அடையாளம் இல்லை. மேற்கு மண்டியில் வரவு எழுதிவிட்டு, அதைச் சொல்ல வந்த ஆள் வழியில் நின்றுவிட்டிருக்கலாம். அந்த நேரத்தில் கிழக்கு மண்டியில் பற்றை அழித்தால் 800 ரூபாய் இரண்டு இடத்தில் இருக்கும். வங்கிக் கணக்கில் அது நடக்கவே கூடாது.

அதனால்தான் திரையில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, “நிலுவையில்” என்று வருகிறது. எரிச்சலாக இருந்தாலும், அந்தச் சொல் உண்மையைத்தான் சொல்கிறது: அந்த நிமிடத்தில் யாருக்கும் விடை தெரியாது. இரு வங்கிகளின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும். சேர்ந்திருந்தால் வெற்றி என்று மாறும், இல்லையென்றால் பணம் திரும்பும்.

இதற்குக் கெடு உண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, தனிநபருக்கு அனுப்பிய பணம் கழிந்தும் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியதில் உறுதிச் செய்தி போகவில்லை என்றால் ஐந்து நாள். அதைத் தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். இப்படி ஒரு விதி இருப்பதே பலருக்குத் தெரியாது. வங்கியில் பேசும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்கும்போது கையில் இருக்க வேண்டியது 12 இலக்கப் பரிமாற்ற எண். யூடிஆர் என்பார்கள். உங்கள் வங்கி, எதிர்ப்பக்க வங்கி, என்பிசிஐ மூன்றும் ஒரே பரிமாற்றத்தை அந்த எண்ணால்தான் அடையாளம் காண்கின்றன. ஸ்கிரீன்ஷாட்டை விட அது முக்கியம்.

“சர்வர் டவுன்” என்று பொதுவாகச் சொல்கிறோமே, எந்த சர்வர்? கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அதே வங்கிக் கணக்கு இன்னொரு செயலியில் வேலை செய்தால் கோளாறு முதல் செயலியிலோ அதன் துணை வங்கியிலோ. எந்தச் செயலியிலும் வேலை செய்யவில்லை, பக்கத்தில் நிற்பவரின் வேறு வங்கிக் கணக்கு வேலை செய்கிறது என்றால் உங்கள் வங்கியில். எல்லோருக்கும் எல்லாமே நின்றுவிட்டால் நடுவில். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் பலருக்கும் யூபிஐ தடுமாறியது அப்படி ஒரு நாள். அன்றைக்கு எந்தச் செயலியை மாற்றியும் பயனில்லை.

சுருக்கமாக: நிலுவை என்பது பதில் வராத நிலை. அந்த நேரத்தில் மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை போக வாய்ப்புண்டு. கையில் காசு இருந்தால் கொடுத்துவிட்டு நகர்வது நல்லது.

## தப்பான ஆளுக்குப் போனால்

இது சிக்கல் அல்ல, வெற்றி. அமைப்பைப் பொறுத்தவரை நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், அது சொன்னபடி செய்தது. பெற்றவரின் ஒப்புதல் இல்லாமல் வங்கி தன்னிச்சையாக எடுத்துத் தர முடியாது. செயலியிலும் வங்கியிலும் உடனே புகார் பதியலாம், அவர்கள் அந்தப் பக்க வங்கி வழியாகக் கேட்டுப் பார்ப்பார்கள். கிடைத்தால் சரி. புது நம்பருக்குப் பெரிய தொகை அனுப்புவதற்கு முன் 1 ரூபாய் அனுப்பிப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறதே, அது ரொம்பப் புத்திசாலித்தனமான பழக்கம்.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. “தெரியாமல் உங்களுக்கு 5,000 அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க” என்று போன் வரும். போனில் “வரவு வைக்கப்பட்டது” என்று ஒரு எஸ்எம்எஸ்ஸும் இருக்கும். எஸ்எம்எஸ்ஸை யாரும் எழுதலாம். வங்கி இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தால் உங்கள் வங்கியிடம் சொல்லி அதன் வழியாகத் திருப்புங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த அந்த நிமிடமே 1930-க்கு அழைக்க வேண்டும். இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க முடிகிறதா என்பது நேரத்தைப் பொறுத்தது.

## ஒரே ஒரு விதிவிலக்கு

பணம் செயலியில் இல்லை என்று இவ்வளவு நேரம் சொன்னேன். யூபிஐ லைட் என்று ஒன்று இருக்கிறது, அதில் மட்டும் கொஞ்சம் மாறும். 2022 செப்டம்பரில் வந்தது. உங்கள் கணக்கிலிருந்து ஒரு சிறு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடலாம். அதற்கான பணம் வங்கியில் தனியாக இருக்கும், எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு உங்கள் போனில் இருக்கும். செலவு செய்யும்போது பின் நம்பர் கேட்காது. இப்போதைய வரம்பு ஒரு தடவைக்கு 1,000 ரூபாய், மொத்தம் 5,000.

எதற்கு இது? டீ, பஸ், பூ, மல்லித்தழை என்று ஒவ்வொன்றுக்கும் வங்கியின் முக்கியப் பேரேட்டைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது. பாஸ்புக்கை என்ட்ரி போடக் கொடுத்தால் பத்துப் பத்து ரூபாயாகப் பக்கம் பக்கமாக வருகிறது. லைட்டில் ஒதுக்கிய தொகை மட்டும் ஒரே வரியாகப் பாஸ்புக்கில் ஏறும். சில்லறைச் செலவு அங்கே வராது. வங்கிக் கணினிக்கும் சுமை குறைகிறது.

## இதற்கெல்லாம் காசு யார் தருகிறார்?

2020 ஜனவரி 1 முதல் சாதாரண யூபிஐ கட்டணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பது விதி. நீங்களும் தருவதில்லை. செலவின் ஒரு பகுதியை அரசு ஊக்கத்தொகையாகக் கொடுக்கிறது. செயலி நிறுவனங்களோ கடன், காப்பீடு, ரீசார்ஜ், விளம்பரம், பேசும் பெட்டியின் வாடகை என்று வேறு வழியில் சம்பாதிக்கின்றன. பேலன்ஸ் பார்க்கத் திறந்தால் “உங்களுக்கு 2 லட்சம் கடன் தயார்” என்று நெற்றியில் வந்து நிற்பது அதனால்தான்.

## போன் தொலைந்தால்

முதலில் சிம்மை முடக்குங்கள். பின் நம்பர் தெரியாமல் உங்கள் செயலியிலிருந்து வழக்கமான முறையில் பணம் எடுக்க முடியாது. ஆனால் போனை எடுத்தவர் கையில் சிம் வேலை செய்துகொண்டிருந்தால் ஓடிபியும் அவருக்கு வரும். டெபிட் கார்டு பர்ஸோடு சேர்ந்து தொலைந்திருந்தால், புதிதாகப் பின் நம்பர் அமைக்கத் தேவையான எல்லாமே அவரிடம் இருக்கிறது. அடுத்தது வங்கியை அழைத்து யூபிஐயையும் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். அதே நம்பரில் புது சிம் வாங்கி, புது போனில் பதிவு செய்தால் உங்கள் கணக்கும் இருப்பும் பழையபடி திரையில் வரும். பழைய போனில் லைட் இருப்பு ஏதாவது மிச்சம் இருந்திருந்தால், அதற்கு மட்டும் வங்கியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.